முன்மொழிவு திரும்பி வந்தால் எங்கே பார்ப்பது

ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கத்து அறக்கட்டளைகளும் உழவர் குழுக்களும் நெசவாளர் சங்கங்களும் எழுதும் திட்ட முன்மொழிவுகளைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. 'ப்ரொபோசல் திரும்பி வந்துருச்சுங்க, எழுத்து சரியில்லையாட்டம் இருக்குது, கொஞ்சம் பாத்துக் குடுங்க' என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். வாங்கிப் படித்தால் எழுத்து நன்றாகவே இருக்கும்.

கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றும் முன் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வைப் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. அதனால் அறிகுறியை வைத்துத் தேடுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த பதில் எதுவோ அதற்கு நேராகப் போகலாம். பட்ஜெட் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பதிலே இல்லை, அல்லது 'எங்கள் நோக்கத்துக்குப் பொருந்தவில்லை' என்று ஒரு வரி

உள்ளே இருப்பதை யாரும் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். கதவு தப்பு, அல்லது கையில் காகிதம் குறை.

முதலில் கதவு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) கேட்டிருந்தால், அந்தக் கம்பெனி 2013ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் போதும். முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை அவர்கள் செலவிட வேண்டும். பெரிய பெயர்களைத் தேடிச் சென்னைக்கும் மும்பைக்கும் அனுப்புகிறவர்கள், 5 கோடி லாபத்தைத் தாண்டிய பின்னலாடைக் கம்பெனியோ நூற்பாலையோ பக்கத்திலேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அடுத்து, எந்த வேலைக்கு இந்த நிதியைச் செலவிடலாம் என்று பட்டியலிடும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உங்கள் வேலை எந்த இனத்தில் வருகிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். குளம் என்றால் சுற்றுச்சூழலும் இயற்கை வளப் பாதுகாப்பும். பவானி ஜமக்காளம் என்றால் மரபுக் கைவினை என்றும் சொல்லலாம், வாழ்வாதாரம் என்றும் சொல்லலாம். ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். தங்கள் தொழிலாளருக்கு மட்டும் பலன் போகும் வேலையைக் கம்பெனி இந்தக் கணக்கில் காட்ட முடியாது. அதனால் 'உங்கள் மில் தொழிலாளர் நலனுக்காக' என்று தொடங்கும் முன்மொழிவு மேசைக்குப் போகும் முன்பே நின்றுவிடும்.

காகிதம்: வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவு, 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு எண், இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம். ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது என்றால் பழைய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. மஞ்சள் அரைக்கும் எந்திரம், எண்ணெய்ச் செக்கு வாங்கப் பணம் வேண்டுமென்றால் அது நன்கொடை கேட்கும் வேலையே இல்லை. அதற்கு வங்கிக் கடனோடு சேர்ந்த மானியத் திட்டங்கள்தான் வழி. 2020ல் வந்த பிரதமரின் நுண் உணவு பதப்படுத்தும் திட்டம் அந்த வகை: அறிவித்தபோது 35 சதவீத மானியம், தனித்தொழிலுக்கு உச்சம் 10 லட்சம். வங்கி 'கடன் எப்படித் திரும்பும்' என்று கேட்கும். நன்கொடை தருகிறவர் 'எது மாறும்' என்று கேட்பார். ஒன்றுக்கு எழுதியதை மற்றதற்கு அனுப்பினால் இரண்டும் நடக்காது.

'பிரச்சினை என்னவென்று புரியவில்லை' என்று கேட்கிறார்கள்

இதைப் படித்ததும் நிறையப் பேர் இன்னும் நாலு பக்கம் சேர்த்துவிடுவார்கள். வேண்டாம். விட்டுப்போனது ஊர்ப் பெயரும் எண்ணும்தான்.

மூலனூர்ப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு முன்மொழிவு இப்படித் தொடங்கியது: 'கொங்கு மண்டல விவசாயிகள் வறட்சியால் வாடுகிறார்கள். பாரம்பரியக் கால்நடை வளர்ப்பு அழிந்து வருகிறது.' பொய் இல்லை. ஆனால் இதை எந்த ஊருக்கும் எழுதலாம். எழுதியவரிடம் பேசினேன். அவர் வாயைத் திறந்ததும் கொறங்காடு வந்தது. கிளுவை வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு காட்டில் மேய்த்துவிட்டு அடுத்த காட்டுக்கு மாட்டை மாற்றுகிற முறை. காங்கேயம் மாடு நிற்பதே அந்தப் புல்லை நம்பித்தான். வேலி நாலு இடத்தில் சாய்ந்தால் வெளி ஆடு உள்ளே வந்து புல் விதை விழும் முன்பே கடித்துவிடும். இரண்டு மழைக்குள் புல் போய்விடும். மாட்டுக்காரர் சோளத்தட்டை விலைக்கு வாங்க ஆரம்பிப்பார். அப்புறம் மாட்டை விற்றுவிடுவார். இவ்வளவையும் அவர் டீ ஆறும் முன் சொல்லி முடித்தார். முன்மொழிவில் ஒரு சொல்கூட இல்லை!

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். எண்களை இங்கே மாதிரிக்காக மாற்றித் தருகிறேன்: 'எங்கள் நான்கு ஊர்களில் 62 குடும்பங்களிடம் 410 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. அதில் 150 ஏக்கரில் கிளுவை வேலி சிதைந்துவிட்டது. அந்த 150 ஏக்கர்க்காரர்கள் 23 பேரில் 14 பேர் கடந்த மூன்று வருடத்தில் மாட்டைக் குறைத்திருக்கிறார்கள்.' மூன்றே வாக்கியம். என்ன கெட்டது, எங்கே, யாருக்கு, எதனால் என்று எல்லாம் வந்துவிட்டது. என்ன செய்யவேண்டும் என்பதும் சொல்லாமலே தெரிகிறது: வேலி.

அந்த எண்ணை எடுக்க இரண்டு பேர் நாலு நாள் ஊர் ஊராக நடக்கவேண்டும். முன்மொழிவு எழுதுவதில் பாதி வேலை அந்த நடைதான். நடக்காமல் எழுதியதை எத்தனை திருத்தினாலும் தேறாது. நானே முயன்று பார்த்திருக்கிறேன்.

'பட்ஜெட்டில் விளக்கம் தேவை'

நிதி தருகிற இடங்களில் பட்ஜெட் தாளை முதலில் புரட்டுகிறவர்கள் உண்டு. காரணம் எளிது. கதையில் எதையும் எழுதலாம். தாளில் எண் போட்டால் வேலை தெரிந்தவரா என்று உடனே தெரிந்துவிடும்.

அடிக்கடி வரும் வரி இது: 'குளம் தூர்வாருதல் – மொத்தம் – 8,00,000 ரூபாய்.' படிக்கிறவர் மனதில் எத்தனை கேள்வி வரும்? எத்தனை ஏக்கர், எவ்வளவு ஆழம், எத்தனை மணி நேரம், மண் எங்கே போகும்? எட்டு லட்சம் அதிகமா குறைவா என்றே அவரால் சொல்ல முடியாது. சொல்ல முடியாததற்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

கணக்கைப் பிரிப்போம். நாலு ஏக்கர், மூன்று அடி ஆழம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. நாலால் பெருக்கி, மூன்றால் பெருக்கினால் 5,22,720 கன அடி. நம் பக்கத்தில் மண்ணை யூனிட்டில்தான் பேசுவோம். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 5,227 யூனிட். உங்கள் ஊர்ப் பொக்லைன் ஓட்டுநரைக் கேளுங்கள், குளத்து மண்ணில் மணிக்கு எவ்வளவு வெட்டுவார் என்று. இருபது யூனிட் என்கிறார் என்றால் 261 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 33 நாள். வாடகை மணிக்கு 1,500 என்று விலைப்புள்ளி வந்தால் 3,91,500 ரூபாய். டீசல் உள்ளேயா வெளியேயா, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். மூன்று இடத்தில் வாங்குங்கள்.

இப்போது எட்டு லட்சம் எங்கே? மீதியைத் தனித்தனி வரியாக எழுதுங்கள்: கரை பலப்படுத்த, மதகு பழுதுபார்க்க, கலிங்கு (மிகைநீர் வழியும் இடம்) ஓரம் கல் கட்ட, தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சர்வே எடுக்க, மேற்பார்வைக்கு ஒரு ஆள். அப்படி எழுதும்போது சில வரிக்கு எண்ணே இல்லை என்று உங்களுக்கே தெரியவரும். எழுத்தில் தேடிய கோளாறு அங்கேதான் இருந்தது.

மண் எங்கே போகும் என்பதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். வெட்டிய மண் உப்பும். கால் பங்கு கூடுவதாக வைத்தால் மூன்று யூனிட் டிப்பரில் 2,180 நடை வரும். இப்படி ஒரு குளத்துக்காகக் கூடிய ஊர்க்கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் இதை எனக்குப் புரியவைத்தார். அறக்கட்டளைக்காரர்கள் தாளைப் படித்துக் காட்டினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'ஏனுங்க தம்பி, மண்ண வெட்றதுக்குக் காசு போட்டிருக்கறீங்கொ, அள்ளறதுக்குப் போடவே இல்லீங்களே?' என்றார். யாருக்கும் பதில் இல்லை. அப்புறம் அவரே, 'வண்டல்தானுங்க, காட்டுக்கு வேணும். அனுமதி வாங்கிக் குடுங்கொ, டிராக்டர் எங்களுது' என்றார். விவசாயத்துக்கு வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும். அதை வாங்கிவிட்டால் அள்ளும் செலவு ஊர்க்காரர்களுடையது. அள்ளும் நடை அத்தனைக்கும் உள்ளூர் வாடகை போட்டு 'மக்கள் பங்களிப்பு' என்று தனிப் பத்தியில் காட்டினோம். விட்டுப்போன செலவாக இருந்ததே அந்த முன்மொழிவின் பலமான பக்கமாகிவிட்டது.

குளம் யாருடையது என்பதையும் இங்கேயே பாருங்கள். நூறு ஏக்கருக்குமேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள குளம் பொதுவாக நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். தடையின்மைச் சான்று அங்கே இருந்துதான் வரவேண்டும். அது கைக்கு வராமல் பட்ஜெட் எத்தனை சுத்தமாக இருந்தாலும் பணம் வராது.

காலமும் பட்ஜெட்டோடு சேர்ந்ததுதான். 'முதல் மாதம், இரண்டாம் மாதம்' என்று எழுதாமல் மாதத்தின் பெயரைப் போடுங்கள். நம் குளங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைபவை. பணம் ஆகஸ்டில் வந்தால் 33 நாள் பொக்லைன் ஓட செப்டம்பரும் அக்டோபர் முதல் பாதியும்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் வேலை அடுத்த கோடைக்குத்தான். கம்பெனியின் கணக்கு வருடம் மார்ச் 31ல் முடிகிறது. இது ஒரு வருடத்தைத் தாண்டும் தொடர் திட்டம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர்கள் அதற்கேற்ப ஒதுக்குவார்கள். சொல்லாமல் விட்டால் பிப்ரவரியில் ஃபோன் வரும், குளத்தில் தண்ணீர் நிற்கும்.

'நிர்வாகச் செலவு அதிகம், 5 சதவீதத்துக்குமேல் தரமாட்டோம்'

இதில் ஒரு குழப்பம் ஊரெங்கும் இருக்கிறது. சிஎஸ்ஆர் விதியில் உள்ள 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையை நடத்தச் செய்யும் செலவுக்குத்தான். வேலையைச் செய்யும் அமைப்பின் களப்பணியாளர் சம்பளத்துக்கு அந்த வரம்பு இல்லை என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021ல் தந்த விளக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைக்கு வரம்பு தனி: 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகத்துக்கு 20 சதவீதம்.

கம்பெனி தன் கொள்கை என்று சொன்னால் வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனால் தாளை மாற்றலாம். 'ஒருங்கிணைப்பாளர் சம்பளம்' என்று நிர்வாகத்தில் போட்டிருப்பீர்கள். அவர் தினமும் குளத்துக்குப் போய் நடை எண்ணி, பதிவேட்டில் எழுதி, பாசனக்காரர்களைக் கூட்டுகிறார் என்றால் அது களச் செலவு. செய்கிற வேலையின் பெயரில் எழுதுங்கள். அலுவலக வாடகையும் கணக்கரும் மட்டும் நிர்வாகத்தில் நிற்கட்டும். செய்யாததைக் களத்தில் காட்டாதீர்கள், தணிக்கையில் வரும்.

தயவுசெய்து ஆளுக்குச் சம்பளமே போடாமல் அனுப்பாதீர்கள். 'சேவையாகச் செய்கிறோம்' என்று எழுதினால் மனதைத் தொடும் என்று நினைக்கிறார்கள். ஆறாவது மாதம் அந்தப் பையன் பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விடுவான், பதிவேடு நின்றுவிடும். பார்த்துப் பார்த்து எனக்கு மனம் கசந்த விஷயம் இது.

'எதை வைத்து வெற்றி என்பீர்கள்?'

செய்ததையும் விளைந்ததையும் ஒன்றாக எழுதினால் இந்தக் கேள்வி வரும். இருபது தறி கொடுத்தோம் என்பது செய்தது. நெய்கிறவர் கையில் மாதம் எவ்வளவு கூடியது என்பது விளைந்தது. சென்னிமலையிலோ பவானியிலோ எழுதுகிறவர்கள் இருபது தறியோடு நிறுத்திவிடுகிறார்கள். தறி கிடைத்தும் பாவு நூல் கிடைக்காமல் மாதத்தில் பத்து நாள் சும்மா உட்கார்ந்தால் கூலி கூடாது. ஆக அளக்கவேண்டியது தறி ஓடிய நாள், கிடைத்த கூலி. சங்கத்தின் கூலிப் பதிவேடு கையில் இருக்கும்போது புதிதாகச் சர்வே எதற்கு?

குளத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்வது நல்லது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஓட ஆரம்பித்தது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கும் பவானித் தண்ணீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம். உங்கள் குளம் அந்தப் பட்டியலில் இருந்தால், கிணற்று மட்டம் ஏறியது தூர்வாரியதாலா, குழாய்த் தண்ணீராலா என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். வேலை தொடங்கும் முன்பே உங்கள் குளத்துக்குக் கீழே பத்துக் கிணறு, அதே திட்டத்தில் தண்ணீர் வந்தும் தூர்வாராத பக்கத்துக் குளத்துக்குக் கீழே பத்துக் கிணறு தேர்ந்து, மாதம் ஒரே தேதியில் கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியரும் நாலு பிள்ளைகளும் போதும். இரண்டு பக்கக் கிணறுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுடையது. அது சின்னதாக இருந்தாலும் நம்புவார்கள்.

கொள்ளளவு பற்றிச் சர்வேயை நம்பி உறுதியாகச் சொல்லலாம். மேலே சொன்ன 5,22,720 கன அடி என்பது சுமார் 1 கோடியே 48 லட்சம் லிட்டர். அது உங்கள் வேலையால் வந்த இடம், யாரும் மறுக்க முடியாது.

'மூன்று வருடம் கழித்து யார் பார்ப்பார்கள்?'

'ஊர் மக்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்பது பதில் ஆகாது. யார், எந்தப் பணத்தில், எந்த மாதம் என்று வேண்டும். 2000ஆம் வருடத்துப் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் தீர்மான நகலை இணையுங்கள். இல்லையென்றால் ஊர்க்கூட்டம் போட்டு, ஏக்கருக்கு வருடம் எவ்வளவு, வைப்பது யார் கணக்கில், ஆடியில் மதகு பார்ப்பது யார் என்று முடிவெடுத்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோயில் வரி வசூலிக்கத் தெரிந்த ஊர்களுக்கு இது புதிதில்லை.

நேரில் கூப்பிட்டுவிட்டு முகம் மாறினார்கள்

தாராபுரம் பக்கத்து வேலை ஒன்றுக்குப் பழைய முன்மொழிவை எடுத்து மாற்றினேன். பதினோராம் பக்கத்தில் 'கடம்பூர் மலைக் குடும்பங்கள்' என்ற பழைய வரி அப்படியே நின்றுவிட்டது. எதிரே இருந்தவர் அதைச் சுட்டிக்காட்டியபோது, எண்ணி நடந்து சேர்த்த மற்ற எல்லாவற்றின் மேலும் அவருக்கு நம்பிக்கை போனதை நேரில் பார்த்தேன். அந்தக் குழு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது நகல் எடுத்துத் திருத்துவதே இல்லை; வெற்றுத் தாளில் தொடங்குகிறேன். அனுப்பும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரை உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டுகிறேன். ஊர்ப் பெயர், ஆள் கணக்கு, மாதம், எல்லாப் பிழையும் அங்கேயே பிடிபடுகிறது.

கோப்பு திறக்கவில்லை, எழுத்து சிதறுகிறது

பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்து அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். முழுவதையும் யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, இன்னொருவர் ஃபோனில் திறந்து பாருங்கள். இணையதளத்தில் ஏற்றுவதென்றால் கோப்பின் அளவு வரம்பை இரண்டு நாள் முன்பே பார்த்துவிடுங்கள்.

பாதிப் பணம்தான் தருகிறோம் என்கிறார்கள்

சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிச் சரிக்கட்டுவார்கள். பாதிப் பணத்தில் முழு வேலை என்று ஒப்பந்தத்தில் நின்றுவிடும். கரையும் அரைகுறை, ஆழமும் அரைகுறை, வருடக் கடைசியில் அறிக்கை எழுத எண் இருக்காது.

வரியைக் கிள்ளாமல் வேலையைக் குறையுங்கள். நாலு ஏக்கர் இரண்டு ஏக்கர் ஆகட்டும், மூன்று அடி மூன்று அடியாகவே இருக்கட்டும். மேற்பார்வை ஆளையும் சர்வேயையும் வெட்டாதீர்கள். மதகு முழுதாக ஆகட்டும், அதில் பாதி என்று ஒன்று கிடையாது. அப்புறம் ஒப்பந்தத்துக்கு முன் ஒரு பக்கக் கடிதம்: 'தாங்கள் ஒதுக்கிய தொகையில் இரண்டு ஏக்கரில் 2,613 யூனிட் மண் எடுத்து 74 லட்சம் லிட்டர் கொள்ளளவு கூட்டுவோம். மதகுப் பணி முழுவதும் இதில் அடங்கும். மீதி இரண்டு ஏக்கரை அடுத்த கோடையில் வேறு நிதியில் செய்வோம்.' அந்தப் பக்கத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்த நகல் கைக்கு வந்த பிறகு பொக்லைனுக்கு முன்பணம் கொடுங்கள்.